குழாய்க்கு வந்த மூன்றாவது ஆக்ட்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் குழாய் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டது. அத்தோடு சரி... ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு முழுக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெள்ளிக்கிழமையோ பெண்ணுக்கு வளைகாப்பு! திருநெல்வேலியிலிருந்து ஒரு வேன் நிறைய சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

யாராயிருந்தாலும் பதறுவார்கள் இல்லையா? என் கணவர் பதறவில்லை. "முதல் ஆக்ட் முடிஞ்சுதுடி!" என்றார் பரவசமாக.

இவர் பேங்க்கில் வேலை பார்ப்பவர். ஆனால் டிசம்பரில் திரைப்பட விழா வந்தால் பாதி ஆபீஸ் மெடிக்கல் லீவில் போகிற மலையாளத்து ஊர் இது. போன மாதம் ஒரு திரைக்கதைப் பட்டறைக்குப் போய்வந்தார். எந்தக் கதைக்கும் மூன்று ஆக்ட்டாம். முதலாவதில் பிரச்னை வரும், இரண்டாவதில் முற்றும், மூன்றாவதில் தீரும். அன்றிலிருந்து வாடகை வி.சி.டி.யை நிறுத்தி நிறுத்தி எனக்குப் பாடம். சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட "செகண்ட் ஆக்ட் வீக்" என்கிறார்.

மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு தண்ணீர் ஆபீசுக்குப் போனேன். எஞ்சினீயர் மலையாளப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வால்வு திறக்கான் ஆளில்ல மாமி. அடுத்த ஆழ்ச்ச நோக்காம்."

"அடுத்த வாரமா? வெள்ளிக்கிழமை வளைகாப்பு சார்!"

அவர் பக்கத்தைப் புரட்டினார். என் கணவர் அலுத்துக்கொண்டார்: "நம்ம கதையோட டர்னிங் பாயிண்டே இவருக்குப் புரியலை."

பேப்பர் மெல்ல இறங்கியது. "சாரு ஸ்கிரிப்ட் எழுதுமோ?"

அவ்வளவுதான்! அந்த மனுஷரும் எழுதுகிறாராம். டீ வந்தது. கிளார்க்குகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் நின்றதா டர்னிங் பாயிண்ட், வளைகாப்புக்கு நாள் குறித்ததா? மேஜையைத் தட்டித் தட்டி விவாதம். வால்வைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

கடைசியில் எஞ்சினீயர் தீர்ப்பு சொன்னார். "செகண்ட் ஆக்ட் தீரும்போ ஹீரோ எல்லாம் இழக்கணும் சாரே. சம்பந்திமார் வரணும். கை கழுவான் வெள்ளமில்லாதெ திரிச்சுப் போகணும். அதுக்குப் பின்னெ வால்வு திறந்தாத்தான் கிளைமாக்ஸுக்கு பலம்!"

"கரெக்ட்!" என்று தலையாட்டினார் பெண்ணைப் பெற்ற மகானுபாவர்.

எனக்கு வந்ததே கோபம்! "சம்பந்தி கை கழுவத் தண்ணியில்லாம திரும்பிப் போகணும், என் பொண்ணு கண்ணைக் கசக்கிண்டு நிக்கணும், நீங்க டீ குடிச்சிண்டு பார்க்கணுமா? இந்தக் கதையில வில்லன் யார் தெரியுமா சார்? நீங்கதான்!"

டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. சொல்லியிருக்க வேண்டாமோ... இனி தண்ணீர் வந்த மாதிரிதான்!

எஞ்சினீயர் என்னையே பார்த்தார். "வில்லன்... ஞானோ?" முகம் மலர்ந்தது. "அப்போ வில்லனுக்கு ஒரு மாற்றம் வேணமல்லோ மாமி!"

அடுத்த நிமிஷம் ஜீப் புறப்பட்டது. ஆளில்லாத வால்வை, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரே குழியில் இறங்கித் திருகினார். தெருவே கை தட்டியது. "கிளைமாக்ஸ்ல ஹீரோ சும்மா நிக்கப்படாது" என்று என் கணவர் ஓடிப்போய் அவருக்குக் குடை பிடித்தார். எனக்கோ, குழாயில் சத்தம் கேட்டதும் அழுகையே வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை. மாடியில் டேங்க் நிரம்பி வழிகிறது. பக்கத்துத் தெரு பர்வதம் காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"எங்க தெருவுல சொட்டு வரலை மாமி. நேத்து யாரோ எங்க வால்வை அடைச்சுட்டு உங்களுக்குத் திறந்துவிட்டாளாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமோ?"

நான் மாடிப் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டேன். என் கணவருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "பேஷ்! முதல் ஆக்ட் முடிஞ்சுது. சரி, உங்க கதையில வில்லன் யாரு?"

பர்வதம் வழிகிற டேங்கை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன்.

வில்லிக்கும் ஒரு மாற்றம் வேண்டாமா?