வாயை ஊதச் சொன்ன மாலைகள்

மலாயாவில், சிலிம் ரிவர் ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. துரைக்குக் கடிதம் எழுதுவதும் ஆட்களின் பெயர் பதிவதும் என் வேலை. பதினெட்டு வயது மகன் ஸ்டோரில் இருந்தான். ரப்பர் பாலை உறைய வைக்கும் மருந்தை அளந்து ஊற்றுவது அவன் பொறுப்பு. ஒரு மழைக்காலத்தில் அவன் கை நடுங்கத் தொடங்கியது. மருந்து சிந்தியது. பேச்சு குழறியது. காப்பிக் கோப்பை வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் இருக்கும்.

கை நடுங்கிப் பேச்சும் குழறினால் தோட்டத்தில் அதற்கு ஒரே காரணம்தான், கள்ளு. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. ஆகவே மாலையில் அவன் படியேறும்போதே நிறுத்துவேன்.

"ஊதுடா."

ஊதுவான். வாடை இருக்காது. வெற்றிலை போட்டு மறைக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். திட்டினால் வாயைத் திறந்து சிரித்தபடி நிற்பான். அந்தச் சிரிப்புக்காக இரண்டு முறை அறைந்திருக்கிறேன். சில வாரங்களில் அவனால் உதட்டைக் குவிக்கவும் முடியவில்லை, எச்சில் வழிந்தது. ஊத மறுக்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் கள்ளுக்கடைக்கே போனேன்.

"என்னங்க கிராணியாரே, வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான் கடைக்காரன்.

"என் மகனுக்கு இனிமே ஊத்தாதே."

"இனிமேயா? அவரு இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்க. வந்திருந்தா தோட்டமே பேசியிருக்காதா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் மகனோடு ரயிலேறி ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளைக்கார டாக்டர் அவனை ஜன்னலோரம் நிறுத்திக் கண்களை வெகுநேரம் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு வளையம் இருந்தது. நான் அதுவரை அதைக் கண்டதில்லை; வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு காமாலை வந்ததா என்று கேட்டார். பன்னிரண்டு வயதில் வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், போய்விட்டது என்றிருந்தோம். ஈரலும் மூளையும் சேர்ந்து கெடுகிற நோய், மருந்து கிடையாது என்றார் டாக்டர்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களான்னு கேக்குறாரு," என்று மொழிபெயர்த்தார் ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெசர். "ஒரே வீட்டுல ரெண்டு மூணு பேருக்கும் வருமாம்."

மகள் இருக்கிறாள் என்றேன்.

மகன் அடுத்த ஆண்டு இறந்தான். கடைசி நாளிலும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. தசை இறுகியதால் வந்த சிரிப்பு அது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகளுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. பள்ளிக்குக் கிளம்புமுன் தினமும் அவளை ஜன்னலோரம் நிறுத்திக் கண்களைப் பார்க்கிறேன். இதுவரை வளையம் இல்லை. சென்ற வாரம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ப்பா, பாத்து முடிச்சாச்சா? இல்ல, அண்ணன் மாதிரி நானும் ஊதணுமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் முகத்தில் ஊதிவிட்டு ஓடினாள். காப்பி மணம் அடித்தது. உதடு நன்றாகக் குவிந்தது.