தரை இல்லாத வரைபடம்

எங்கள் நைனாவையும் மாமாவையும் சேர்த்து ஒரு வேலையில் விட்டால் அது உருப்படாது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். எனக்காக அவர்கள் செய்த வரைபடத்தைத் தடவிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று நானும் நினைத்தேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எட்டாம் வகுப்பு வரை தூரத்து ஊரில் ஒரு விடுதிப் பள்ளியில் இருந்தேன். அங்கேதான் பிரெயில் கற்றேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கப்பல் சங்கு கேட்காத ஊரில் எனக்கு மனசு ஒட்டவே இல்லை. அடம்பிடித்து ராயபுரத்துக்குத் திரும்பி, கல்மண்டபம் பக்கத்தில் பார்வையுள்ள பெண்கள் படிக்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்துத் தோழி பாடத்தை வாசிப்பாள். நான் தடித்த தாளில் ஊசியால் குத்தி எழுதிக்கொண்டே வருவேன். அந்த டக் டக் சத்தத்தில் பின்பெஞ்சுக்காரிகளின் தூக்கம் கெட்டது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

எல்லாப் பாடமும் ஓடியது, புவியியல் மட்டும் நின்றது. தலைமையாசிரியையான கன்னியாஸ்திரிதான் அதை எடுத்தார். மதர் என்போம். நல்லவர், ஆனால் கறார்.

"வரைபடம் தெரியாமல் உன்னை எப்படி மேல் வகுப்புக்கு அனுப்புவேன்? அரையாண்டுக்குள் கற்றுக்கொண்டால் இங்கேயே இரு. இல்லையென்றால் விடுதிக்குத் திரும்பிப் போவதுதான் உனக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார்.

அன்று நான் சாப்பிடவில்லை. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, துறைமுகத்தில் வேலை. அம்மாவின் தம்பியான மாமா காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து, நான் தடவிப் படிக்க நம் மாநிலப் படம் ஒன்று செய்வதாகக் கிளம்பினார்கள். தேயிலைப் பெட்டிப் பலகை வந்தது. வலைக் கயிறு வந்தது. ஒட்டுவதற்கு வஜ்ரப் பசை காய்ச்சிய நாற்றத்தில் தெருவே மூக்கைப் பொத்தியது. முடியும்வரை என்னைக் கிட்டே விடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பலகையை என் மடியில் வைத்தார்கள். கயிற்றை ஒட்டி விரலை ஓட்டினேன். கரை அழகாக வளைந்து போனது. வலது பக்கம் கடல். அங்கே கிளிஞ்சல், ஆணி, புளியங்கொட்டை, மணல் என்று விரல் வைக்க இடமில்லை.

"மாமா, இது இன்னா?"

"எண்ணூர் முகத்துவாரத்துக்கு நேரா, தண்ணிக்கு அடியில கல்லுப் பாறை கண்ணு. வஞ்சிரம் மீனு அங்கதான் கீது."

"இந்த ஆணிங்க?"

"கப்பலுங்க நங்கூரம் போட்டுகினு நிக்கிற எடம்" என்றார் நைனா, பெருமையாக.

இடது பக்கம் விரலை நகர்த்தினேன். வெறும் பலகை. மேலே, கீழே, ஓரத்தில், எங்கு தடவினாலும் வெறும் பலகை.

"காவேரி எங்க?"

 மாமா மெதுவாகச் சொன்னார்: "அது தரையிலதானே கீது. தரையில இன்னா கீதுன்னு போடறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "என்னிய விடுதிக்கு அனுப்பப் போறாங்க, ஒனக்கு வஞ்சிரம் கேக்குதா?" என்று கத்தி அழுதேன். மாமா பேஜாராகி வெளியே போய்விட்டார்.

மறுநாள் நைனா பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கே வந்தார். "தப்பாப் பண்ட்டோம் மதர். தரையில இன்னா இன்னா வரணும்னு சொல்லுங்க, போட்டுத் தரோம்" என்றார். மதர் கடலைத் தடவினார். ஒவ்வொன்றாகக் கேட்டார், நைனா ஒவ்வொன்றாகச் சொன்னார். திடீரென்று மதர் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

"கடல் அப்படியே இருக்கட்டும். தரையை இந்தப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்."

அந்த வாரம் வகுப்பே சந்தைக்கடையாகிவிட்டது. நூலில் ஆறுகள் ஓடின, மரத்தூளில் மலைகள் எழுந்தன, ஊருக்கு ஒரு சட்டைப் பித்தான் ஒட்டினார்கள். ஒட்டியதோடு விடாமல், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கவும் போட்டி. ஒருத்தி சேலத்தைக் கடலில் கண்டுபிடித்தாள். "அமுக்காதே, விரலை மேலாக ஓட்டு" என்று நான் அதட்ட, எல்லாரும் எனக்கு அடங்கி நடந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்த வகுப்பிலும் இருந்ததில்லை.

சோதனை நாளில் மதர் வேறொரு பலகை கொடுத்தார். அதில் எல்லைக் கயிறு மட்டும். அவர் ஊர் சொல்ல, நான் மெழுகு உருண்டையை அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். நாகப்பட்டினம், கடலூர், தூத்துக்குடி எல்லாம் விரலுக்குத் தானாக வந்தன.

"மேட்டூர்" என்றார்.

கை நின்றுவிட்டது. சுற்றிலும் வெறும் பலகை. விடுதியின் நினைப்பு வந்தது. விரலைக் கரைக்கே கொண்டுபோனேன். காவேரி கடலில் சேரும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து உள்ளே ஏறினேன். தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு, பிறகு வடக்கே ஒரு திருப்பம். மெழுகை அழுத்தினேன்.

"ஆறு குடகிலிருந்துதானே வருகிறது? நீ ஏன் தலைகீழாகப் போகிறாய்?"

"கடல்லேர்ந்துதானே, மதர், எல்லாரும் வூட்டுக்கு வருவாங்க?"

வகுப்பு சிரித்தது. மதர் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்து விரலால் அளக்கும் சத்தம் கேட்டது. 

"ஒரு விரற்கடை தள்ளிப்போயிற்று. பரவாயில்லை. வருஷக் கடைசியில் உலகப் படம் வரும். பெரிய பலகையாகப் பார்த்து வைக்கச் சொல் உன் வீட்டில்."

வருஷக் கடைசியில் நான் இங்கேதான் இருப்பேன் என்பது உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. உறைத்ததும் மதர் என்றும் பாராமல் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த நைனாவிடம் வாசலிலேயே சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்து கையை நீட்டி முகத்தைத் தொட்டேன். கன்னம் நனைந்திருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.