தங்கைக்காகப் போட்ட பிளான்

இளம்பிள்ளை வாதம் வந்ததிலிருந்து என் தங்கை சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். காஜா பேராங் தெருவில் எங்கள் வாசலைத் தாண்டி அவள் பார்த்த உலகம் கொஞ்சம்தான். லண்டனிலிருந்து திரும்பும் தலைவர்கள் பண்டார் ஹிலிர் திடலில் மலாய் நாட்டின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அண்ணனிடம் கெஞ்சினாள்.

"நானும் வரேண்ணே. சைக்கிள் கேரியர்ல ஒரு தலகாணியக் கட்டு. ஒன் இடுப்பப் புடிச்சிக்கிறேன். அது போதும்."

அண்ணனுக்கு அது போதவில்லை. நகராட்சியில் வரைபடம் வரைகிறவர் ஆயிற்றே, தங்கையைக் கேரியரில் ஏற்றினால் கௌரவம் என்னாவது? தள்ளுவண்டி செய்யப்போவதாகக் காகிதத்தை விரித்தார். அதோடு விட்டாரா? வீட்டிலும் மலாய் பேசும் எதிர்வீட்டுச் செட்டி அம்மாள் "பானாஸ்லா!" என்று வெயிலுக்குக் கவலைப்பட்டார், வண்டிக்குக் கூரை வந்தது. துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் பார்த்த பெரியவர் ஒருவர் பிரேக் அவசியம் என்றார், அதுவும் சேர்ந்தது. பெரியவர்கள் சொல்லைத் தட்டுவது மரியாதை இல்லையாம். காகிதத்தில் வண்டி தேர் மாதிரி வளர, கொல்லையில் வெறும் பலகைகள் கிடந்தன.

கூட்டத்துக்கு முந்தின நாள், சக்கரம் வேண்டுமென்று தன் சைக்கிளையே கழற்றிப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சாப்பாட்டுத் தட்டை டமாரென்று வைத்தேன். தங்கைதான் என் கையைப் பிடித்து அடக்கினாள்.

விடிந்ததும் தெருவே கிளம்பிப் போனது. இரவெல்லாம் அடித்துச் சேர்த்த வண்டி கூரையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெச்சா ரிக்‌ஷா பிடிக்க முச்சந்திக்கு ஓடினேன். ஒன்றுகூட இல்லை, எல்லாம் திடலுக்குப் போய்விட்டன.

"வாடி, நான் தூக்கிட்டுப் போறேன்."

"கல்யாண வயசுல என்ன இடுப்புல வெச்சிக்கிட்டுப் போவியா? ஊரே என்னத்தான் பாக்கும். வேணாங்க்கா."

புதுச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொல்லையில் அண்ணன் கிரீஸ் அப்பிய கையோடு வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இருவரையும் பார்க்கப் பொறுக்கவில்லை.

மதியம் போலக் கூட்டம் திரும்பியது. எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது, அப்படியும் மலாயில் "மெர்டேக்கா", சுதந்திரம், என்று கத்தினார்கள். சுதந்திரத் தேதியையே சொல்லிவிட்டார்களாம்.

அண்ணன் வந்து அவள் முன்னால் நின்றார். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீயாச்சும் போய்ப் பாத்திருக்கலாம்லண்ணே," என்றாள்.

அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சில நாட்களில் வண்டி தயாராகிவிட்டது, கூரை, பிரேக் எல்லாவற்றோடும். எங்காவது கூட்டிப்போ என்று அவள் அதற்குப் பிறகு யாரையும் கேட்கவே இல்லை.