கைரியா வீட்டுத் தூள்

அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்குக் கலகெதரையில் யாரைக் கேட்டாலும், கைரியா புத்தகம் படித்து முன்னேறியவள் என்கிறார்கள். என் தங்கை கைரியாவுக்கு இங்கிலீசில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. படித்தவன் அவளுடைய நானா மக்கீன், அதாவது நான். கண்டியில் ஒரு புரொக்டர் கந்தோரில், வக்கீல் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிளாக்கர் வேலை எனக்கு.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். நல்ல சாய்மானக் கதிரை ஒன்று எடுக்கலாமென்று போனேன். கதிரை என் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. வெறுங்கையோடு வர மனமில்லாமல் ஒரு கட்டுப் புத்தகத்தை வாங்கி வந்தேன். அதில் ஒன்று சிவப்பு அட்டை போட்டது. வியாபாரத்தில் எப்படி மேலே வருவது, நாலு பேருக்கு எப்படித் தலைவனாக இருப்பது என்பதுதான் அதன் விஷயம். இரண்டு தரம் படித்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்திப் பேசிப் பழகச் சொல்லியிருந்தார்கள், பழகினேன். என் மனைவி பாயிஸா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரோட பேசுறீங்க?" என்று கேட்டாள். கந்தோரில் ஒரு குருவியும் என்னைத் தலைவனாக்கவில்லை.

முப்பத்தைந்தாம் வருடம் தை மாதம் கலகெதரைப் பக்கம் மலேரியா வீடு வீடாக ஆளை எடுத்தது. கைரியாவின் கணவர் அஸீம் ஆறே நாள் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். தங்கமான மனிதர். கைரியாவுக்கு அப்போது முப்பது வயது, கையில் ஏழு வயது மகள் ஆஸியா. நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அந்நிய ஆண்களைப் பார்க்காமல் அறைக்குள்ளே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் பிடித்துப் போவேன். என்ன பேசி அவளைத் தேற்றுவது? எனக்குத் தேற்றத் தெரியாது, சத்தம் போடத்தான் தெரியும். அதனால் புத்தகத்தைக் கொண்டுபோய் ஒரு வரி ஒரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். கேட்கிறாளா இல்லையா என்றே எனக்குத் தெரியாது.

இத்தா முடிந்த அன்று அவள் என்னிடம் சொன்னாள்: "நானா, நான் தூள் இடிச்சு விக்கப் போறன்."

"என்ன தூள்?"

"கறித் தூள். வறுத்து, இடிச்சு, சரையாக் கட்டி. பொம்பளைங்க நாளாந்தம் அம்மியில அரைச்சு இடுப்பொடிஞ்சு போறாங்க. நீங்க வாசிச்சீங்களே, சனங்களுக்குக் கஷ்டம் எங்க ஈக்குதோ அங்கதான் வியாபாரமும் ஈக்குதுண்டு."

எனக்குக் கோபம் வந்தது. நான் உயிரோடு இருக்கும்போது என் தங்கை தூள் விற்பதா? நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வா, கட்டுக்கலையில் என் வீட்டில் இரு என்றேன். அவள் மாட்டேன் என்றாள். "உங்கட சோறு கசக்காது நானா. ஆனா வாழ்நாள் முழுக்க மதினிட முகத்தப் பாத்துப் பாத்துத் திங்க எனக்கு ஏலாது. என்ட புள்ளையும் அப்பிடி வளரப்படாது" என்றாள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் வரை அவளுக்குத் தவணை. அதற்குள் அந்தத் தூள் அவள் வீட்டு அடுப்பை எரிக்க வேண்டும். இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் மகளோடு என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அவள் உம்மாவின் பேரில் சத்தியம் செய்தாள். ஆறு மாதத்தில் வந்துவிடுவாள் என்று பாயிஸாவிடம் சொன்னேன்.

மலேரியாவில் வீட்டு ஆண்களை இழந்த மூன்று பெண்களை இடிப்பதற்குச் சேர்த்துக்கொண்டாள். அவர்களில் வாய் பெரியது ரஹ்மத்தும்மாவுக்கு, உலக்கை பிடிக்கும் கையும் பெரியதுதான். கண்டியில், கொழும்பு வீதியில் கடை வைத்திருந்த முஹைதீன் முதலாளி, அஸீமின் முகத்துக்காக நோன்புக்கு முன் முந்நூறு சரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுவதும் பெயரைப் பற்றியது. உன் சரக்கில் உன் பெயர் இருக்கட்டும், வாங்குகிறவள் அந்தப் பெயரைக் கேட்டு வரட்டும் என்றிருந்தது. கைரியா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எந்த எழுத்தில் போடுவது? எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. குர்ஆன் ஓதப் போனவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது அரபெழுத்து. தமிழையும் அரபெழுத்தில் எழுதித்தான் வாசிப்பார்கள், அரபுத்தமிழ் என்போம். கைரியாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'கைரியா வீட்டுத் தூள், ஈரக்கை வைக்காதீர்கள்' என்று அரபுத்தமிழில் எழுதித் தந்தாள். நான் கல்லச்சில் அடித்து வாங்கிக்கொண்டு போனேன். நான்கு பெண்களும் வரிசையாக உட்கார்ந்து அந்தத் தாளில் தூளைச் சுற்றி ஓரங்களைக் கோதுமைப் பசையால் ஒட்டினார்கள். கிழித்தால் ஒழியத் திறக்க முடியாது. பார்க்க மாஷா அல்லாஹ், அவ்வளவு அழகு.

முந்நூறும் பத்து நாளில் போய்விட்டது. நான் கந்தோரில் தலைநிமிர்ந்து நடந்தேன். மதியச் சோற்றையும் குழம்பையும் திறந்து, "இந்த ஆணத்துட வாசத்தப் பாருங்க, என்ட தங்கச்சிட தூள்" என்று எல்லோருக்கும் மூக்கில் காட்டினேன். இன்னும் முந்நூறு சரை முதலாளி கடைக்குப் போனது.

அந்த முந்நூறும் அசையவேயில்லை. நோன்பு முடிந்தது, பெருநாள் முடிந்தது. தை கடைசியில் முஹைதீன் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மக்கீன், குறை நினைக்காதீங்க. வாங்கின ஒருத்தராவது ரெண்டாந்தரம் கேட்டு வரணுமே, வரல்ல. சாமானத் திருப்பி எடுத்துக்கோங்க" என்றார். கடைப் பையன்கள் பார்க்கப் பார்க்க மூட்டையை வண்டியில் ஏற்றினேன்.

கலகெதரைக்குப் போய் வாசலிலிருந்தே கத்தத் தொடங்கினேன். மல்லியைக் கருக்கிவிட்டீர்கள், மிளகாயில் காம்பு கிள்ளவில்லை, அந்த ரஹ்மத்தும்மா வாயால் இடிக்கிறாள், கையால் இடிக்கவில்லை என்று ஒன்று பாக்கியில்லாமல் சொன்னேன். புத்தகத்தில் நஷ்டம் வந்தால் முதலில் கூலியாட்களைக் குறை என்று இருக்கிறது, மூவரையும் நிறுத்து என்றேன். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கைரியா அவர்கள் காதிலும் விழும்படியாகச் சொன்னாள்: "தூள்ல பிழை இல்ல. ஒவ்வொரு சரையும் என்ட கையில எடுத்து மணந்து பாத்துத்தான் ஒட்டினன். பிழை ஈந்தா அது என்ட பிழை. இவங்கள ஒண்டும் செல்லாதீங்க. ஆளைக் குறைக்கிறதுக்கு முந்தி வாங்கினவங்களப் போய்க் கேக்கச் சொல்லி ஒரு இடத்துல வாசிச்சீங்களே, அது எத்தனாவது பக்கம்?"

நான் பக்கத்தைத் தேடவில்லை. தேடாமலே எனக்குத் தெரியும், அப்படி ஒன்று இருந்தது.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்னும் ஒரு மாசம் ஈக்குது. நான் கேக்கப் போறன்" என்றாள்.

மறுநாள் திரை கட்டிய மாட்டுக் கரத்தையில் ரஹ்மத்தும்மாவோடு கண்டிக்கு வந்தாள். முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். நேரே அடுப்படிக்குள் போனாள், நானும் பின்னாலே போனேன். பாயிஸா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, என்ட தூள் எங்க?"

பாயிஸா எங்களை அறைக்குள் கூட்டிப்போய் அலுமாரியைக் காட்டினாள். அலுமாரிக்கு மேலே குர்ஆன் வைத்த ரைஹால் பலகை. அதன் பக்கத்தில், வெள்ளைத் துணி விரித்து, நான் கொண்டுவந்து கொடுத்த நாலு சரையும் பிரிக்காமல் அடுக்கி இருந்தன.

"அரபெழுத்து ஈக்குதே" என்றாள் பாயிஸா. "எப்பிடிக் கிழிக்கிற? கிழிச்சாலும் அந்தத் தாள எங்க போடுற? குப்பையிலயா? அடுப்புலயா? அல்லாஹ்வே, எனக்குப் பயம்."

"அப்ப ரெண்டு மாசமா நான் தின்ன ஆணம்?" என்று கேட்டேன்.

"நான் அரைச்சதுதான். நீங்க தங்கச்சிட தூள் தங்கச்சிட தூள்ண்டு சந்தோசமாத் தின்னீங்க, நான் ஏன் கெடுக்கிற?"

கைரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். அஸீம் போன பிறகு நான் அவள் சிரிப்பைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரைக்கும் சிரித்தாள். ரஹ்மத்தும்மாவும் சேர்ந்துகொண்டாள். நான் மட்டும் கந்தோரில் எத்தனை பேர் மூக்கில் அந்தச் சோற்றைக் காட்டினேன் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

அன்று தூள் வாங்கிய பதினொரு வீட்டுக்குப் போனாள். எல்லா வீட்டிலும் அதே கதை. ஒரு வீட்டில் தொட்டிலுக்கு மேலே, ஒரு வீட்டில் தஸ்பீஹ் மணியோடு, ஒரு வீட்டில் சரையை முத்தமிட்டு எடுத்துத் தந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கைரியாவே தண்ணீர் தொட்டுப் பசையை ஊறவைத்து, தாளைக் கிழிக்காமல் பிரித்து, தூளைச் சட்டியில் கொட்டிக் கொடுத்தாள். தாள்களை மடித்து எடுத்துக்கொண்டாள். "என்ட பிழை, நீங்க சமைச்சுப் பாத்துட்டுச் செல்லுங்க" என்று கேட்டுக்கொண்டாள். சேர்ந்த தாள்களை நான்தான் மகாவலி ஆற்றில் ஓடுகிற தண்ணீரில் விட்டேன்.

எழுத்தை எடுத்துவிடு, வெறும் தாளில் கட்டு என்றேன்.

"எழுத்து இல்லாட்டி அது ஆருட தூள்?"

அப்படியானால் தமிழெழுத்தில் அடி என்றேன்.

"எங்கட பொம்பளைங்களுக்கு அது கோடு கிழிச்ச மாதிரி" என்றாள். பிறகு, "இந்த எழுத்த ஒருத்தரும் வீசமாட்டாங்கதானே நானா? அப்ப வீசத் தேவையில்லாத சாமான்ல எழுதினா?" என்றாள்.

கலகெதரைச் சந்தித் தகரக்காரரிடம் மூடி போட்ட சின்ன டின்கள் அறுபது செய்வித்தாள். ஒவ்வொன்றிலும் பச்சைப் பெயின்டால் தன் கையாலேயே பெயரை எழுதினாள். தூள் எழுத்தில்லாத வெறும் தாளில். அதைக் கிழித்து டின்னில் கொட்டிக்கொள்ளலாம், தாளை எங்கே வேண்டுமானாலும் போடலாம். டின் வீட்டோடு இருக்கும்.

முஹைதீன் முதலாளியிடம் பேச என்னை அனுப்பவில்லை. "நீங்க கோவப்பட்டுக் கெடுத்துருவீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். கரத்தை கடை வாசலில் நின்றது. அவள் திரைக்குப் பின்னால் இருந்தாள், முதலாளி கடைப் படியில் நின்றார். நான் மாட்டின் பக்கத்தில் நின்றேன்.

"டின்னுட விலைய ஆரு குடுக்கிற மகள்?" என்றார் முதலாளி.

"மொத டின் என்ட செலவு. அந்த டின் அவங்க வீட்டுல மரியாதையான எடத்துல ஈக்கும் முதலாளி. தூள் முடிஞ்சா வெறும் டின் கண்ணுல குத்திக்கொண்டே ஈக்கும். திரும்ப நிரப்பத்தான் வருவாங்க. வராட்டி, மத்த நாளே நான் உங்கட கடைப் பக்கம் தலை காட்டமாட்டன்."

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அறுபது டின்னையும் இறக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு செய்தியும் இல்லை. கந்தோரில் ஒரு காணி வழக்கு, ஞாயிற்றுக்கிழமையும் தலை தூக்க நேரமில்லை. முதலாளி கடைப் பக்கம் போக எனக்கு வெட்கம். சத்தியமாகச் சொல்கிறேன், வியாபாரம் படுத்துவிட்டது என்றே நினைத்தேன். வருத்தமாகவும் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். தங்கை என் நிழலுக்கு வருகிறாள் அல்லவா.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கலகெதரையில் இறங்கி, சாமான் ஏற்றச் சந்தியில் ஒரு கரத்தையையும் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் டின். பச்சை எழுத்துப் போட்ட வெறும் டின்கள் ஒரு பக்கம், நிரப்பி மூடியவை ஒரு பக்கம். உள்ளே உலக்கைச் சத்தம். மூன்று பேராக இருந்தவர்கள் இப்போது ஐந்து பேர். ஆஸியா உட்கார்ந்து மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அறுபதுல அம்பத்தி நாலு நிரப்பத் திரும்பி வந்துச்சு நானா, பெருநாளைக்கு முந்தியே" என்றாள் கைரியா. முகம் முழுவதும் மிளகாய்த் தூள். "இப்ப முதலாளி நூத்தியிருவது கேக்குறார்."

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "மதினி ஒனக்கு முன்னறைய ஒழிச்சு, வெள்ளையடிச்சு வெச்சீக்கிறா" என்றேன்.

அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "அந்த அறை மழைக்கு ஒழுகுமா?"

"ஒழுகாது."

"ரோட்டுக்குக் கிட்டவா?"

"ரோட்டுக் கரைதான்."

"அப்ப அத எனக்கு வாடகைக்குத் தாங்க. கண்டியில டின் வெக்க எடம் இல்லாமத் தவிக்கிறன்."

"ஒன்கிட்ட நான் வாடகை வாங்குறதா? என்ன பேச்சுடி இது?" என்று கத்தினேன்.

"வாங்காட்டி வேற எடம் பாப்பன்" என்றாள். சத்தமே போடாமல் சொன்னாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அவள் கை காய்த்துப்போயிருந்தது.

நான் கொண்டுபோன கரத்தையில் பெண்கள் டின்களை ஏற்றினார்கள். கலகெதரை ஏற்றத்தில் மாடு மெதுவாக நடந்தது. வண்டிக்காரன் இரண்டு தரம் திரும்பி, "என்ன தொரை, கண்ணுல தூள் பட்டுட்டா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.