பேனருக்கு ஒரு முகம்

உழவர்கரை விவசாயி மகள் வேதவல்லி, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்து பதினேழு வருடமாகியும் எம்.எஸ்சி. வகுப்பை அவரிடம் கொடுக்கவில்லை. "பசங்க அடங்க மாட்டாங்க மேடம்" என்று ஒவ்வொரு வருடமும் தட்டிக்கழிப்பார் துறைத்தலைவர் தெய்வசிகாமணி.

2005ஆம் ஆண்டை உலகமே இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடியது. கல்லூரி வாசலில் வைக்கும் பேனரில் துறையின் அடையாளமாக யாரைப் போடுவது என்று ஆண்கள் மட்டும் கூடிப் பேசினார்கள். மறுநாள் வேதவல்லி ஸ்கூட்டரை நிறுத்தும்போதே தலைவர் சிரித்தபடி வந்தார்.

"மேடம், உங்க போட்டோவத்தான் போடப்போறோம். பொம்பளைங்களும் முன்னேறிட்டாங்கன்னு காட்டணுமில்ல? நல்ல பட்டுப்புடவையா கட்டிக்கினு எம்.எஸ்சி. லேப்ல இருக்கற அந்த லேசர் பக்கத்துல நில்லுங்க."

வேதவல்லிக்குக் கோபம் உச்சி வரை சுர்ரென்று ஏறியது.

"அந்த லேசரத் தொடவே என்னை விட்டதில்லியே சார்! எம்.எஸ்சி.க்குப் பாடம் நடத்த ஆவாத நான் பேனர்ல தொங்க மட்டும் ஆவேனா? போட்டோவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

மரத்தடியில் நின்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரின் முகம் சுண்டிப்போயிற்று.

கடைசியில் இணையத்தில் எடுத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் பேனரில் சிரித்தாள். அவள் கையில் இருந்தது வேதியியல் குடுவை. அதைப் பார்த்ததும் வேதவல்லியின் கோபம் இரட்டிப்பானது. நேரே முதல்வர் அறைக்குப் போனவர், எம்.எஸ்சி. வகுப்பு தரும்வரை எழுந்திருக்கப்போவதில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்று முதல்வர் இறங்கி வந்தார்.

வேதவல்லி நன்றி சொல்லாமல் எழுந்து போனார்.