பெரட்டுக் களத்துக்கு வந்த கேண்டீன்

அந்தப் பால் டின்னின் ஓட்டையை மெழுகு வைத்து அடைத்தது நான் இல்லை. ஆனால் கேட்டில் மாட்டிக்கொண்டது நான்தான்.

மலாயாவில் வெள்ளைக்கார அரசு கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. மெர்லிமாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களை, அதாவது குடியிருப்பு வரிசைகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக ஏகப்பட்ட கட்டுப்பாடு. வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டு போனாலும் குற்றம். கடைக்காரர் டின்னை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும். ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுவிடும், பதுக்கி வைக்க முடியாது. அதுதான் கணக்கு.

தமிழ்ப் பள்ளிக்கூடமோ வேலிக்கு வெளியே, செம்மண் சாலை ஓரத்தில் இருந்தது. அங்கே ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகைதான் கேண்டீன். லயத்தில் கஞ்சி காய்ச்சி, பாஸைக் காட்டி, கேட்டைத் தாண்டிக் கொண்டு போய், பத்து மணி மணியடித்ததும் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுப்பது என் வேலை. கூடவே டின் பால் கலக்கிய தேத்தண்ணி.

அந்த வேலையை எனக்குக் கொடுத்தவர் தலைமையாசிரியர் அருளப்பன் வாத்தியார். வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. காட்டுக்காரர்களுக்கு உதவினார் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அதன் பிறகு லயத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், பயம். ஆனால் பயந்தவர்கள் நடுவில் இருப்பது எவ்வளவு தனிமை என்று இருந்து பார்த்தால்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் மட்டும் மனிதக் குரல் என் காதில் விழும். ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் பாட்டு, நடுவில் "அக்கா, இன்னும் கொஞ்சம்" என்று கோப்பையை நீட்டும் கைகள். அதற்காகத்தான் உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வாத்தியாரின் மெழுகு

வாத்தியாருக்கு எறும்பு என்றால் ஆகாது. கொட்டகையில் மிச்சம் இருந்த பால் டின்னின் ஓட்டையில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்திருக்கிறார். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை உருக்கி, ஓட்டையை அழகாக அடைத்து, என் கூடையில் வைத்துவிட்டார். நல்ல மனசுதான். எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பதுதான் மறந்துபோயிற்று.

டின்னோடு கூடை என்னோடு லயத்துக்கு வந்துவிட்டது; மறுநாள் காலையில் நான் அதைச் சரியாகப் பார்க்காமல் கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். கேட்டில் இருந்த மலாய்க்காரக் காவலர் டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கெனாப்பா துத்தோப்?" என்றார். ஏன் மூடியிருக்கிறது என்று கேட்கிறார்.

பெரிய கிராணி ஓடி வந்தார். தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா; துரைக்கு அடுத்து அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஓட்டைய அடைச்சா பால் கெடாது, எத்தன நாள் வேணும்னாலும் வைக்கலாம். யாருக்கு எடுத்துட்டுப் போற, பாக்கியம்? ஒன் புருசன் உள்ள இருக்கறது பத்தாதா?"

விஷயம் தெரிந்து வாத்தியார் சாலையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"கிராணி சார், நான்தான் அடைச்சேன். எறும்பு லா! சத்தியமா எறும்புக்குத்தான்!"

நல்ல வேளை, அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. என்னைப் பிடித்துப் போகவில்லை. ஆனால் என் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனிமேல் சாப்பாடு என்று எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. கேண்டீன் மூடியாயிற்று.

பெரட்டுக் களம்

அந்த வாரமே இரண்டு பிள்ளைகள் வகுப்பில் மயங்கி விழுந்தார்கள். அப்பா அம்மா விடியுமுன் பால்மரம் வெட்ட, ரப்பர் பால் எடுக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும். அதைக் கேட்டு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேரே ஆபீஸ் படியில் போய் நின்றேன்.

"கிராணி ஐயா, சாப்பாடுதானே வெளிய போவக் கூடாது? பிள்ளைங்கள இங்க சாப்புட வச்சு அனுப்புறேன். பெரட்டு முடிஞ்சா களம் சும்மாதானே கெடக்கு?"

பெரட்டு என்றால் விடியுமுன் ஆள் எண்ணி வேலை பிரிப்பது. அது முடிந்து எல்லாரும் மலை என்கிற ரப்பர் காட்டுக்குப் போய்விட்டால் களமும் அதன் கொட்டகையும் காலியாகத்தான் கிடக்கும். வேலிக்கு உள்ளேயே, கேட்டுக்கு நேர் எதிரே இருந்தது.

"நாளைக்கு எனக்கு ஏதாவது பிரச்சின வந்தா?"

"காவல்காரர் கண்ணு முன்னாலதான் குடிக்கப்போவுதுங்க, ஐயா. வயித்துக்குள்ள போனத யாரு காட்டுக்குக் கொண்டு போவ முடியும்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றார்.

அடுப்பை அங்கே மாற்றினேன். சின்னப் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்தேன். நடந்து போக வேண்டியவர்கள் என்பதால் கஞ்சியைக் கொஞ்சம் தளர்வாகக் காய்ச்சி, நெத்திலி சம்பால் வைத்தேன். மயக்கம் நின்றுவிட்டது. "கடைசி பெஞ்சுகூட முழிச்சிக்கிட்டு இருக்கு பாக்கியம்," என்று வாத்தியார் சந்தோஷப்பட்டார்.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் கேட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு வெளியே போக இனி வேலையும் இல்லை, பாஸும் இல்லை. காலையில் கொஞ்ச நேரக் கூச்சல், அப்புறம் நாள் முழுக்க நானும் கழுவிக் கவிழ்த்த கோப்பைகளும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் வாய்ப்பாடு லேசாகக் கேட்கும். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. சில நாள் வாய்விட்டு அழுதிருக்கிறேன்.

பாஸ் திரும்பி வந்தபோது

பிறகு மலாக்கா டவுனில் பல வருடம் கேண்டீன் நடத்தி ஓய்வு பெற்றேன். இப்போது கேண்டீன் எடுக்கும் பெண்கள் வந்து, எப்படி மேம்படுத்தலாம் என்று கேட்கிறார்கள். மேசை மாற்றலாமா, பெயின்ட் அடிக்கலாமா என்கிறார்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் பிள்ளைக்குப் பசி எந்த நேரத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். மணி அடிக்கிற நேரத்துக்கெல்லாம் பசி வராது. இதை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை.

அன்று தோட்டத்தில் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்த சமயம் வாத்தியார் முகமெல்லாம் சிரிப்பாகக் களத்துக்கு வந்தார். கையில் என் பாஸ்.

"கிராணி குடுத்துட்டாரு. நாளைலேருந்து பழையபடி ஸ்கூலுக்கே வந்துடும்மா. ஒன் கொட்டகை அப்படியேதான் இருக்கு."

"ரெண்டு எடத்துலயும் குடுக்கலாமா சார்?"

"ரேஷன் அரிசி ஒரு வேளைக்குத்தான் காணும். அங்க இல்லாட்டி இங்க."

போக வேண்டும் என்று என் உடம்பெல்லாம் துடித்தது. பிள்ளைகள் கடைசி வாய் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கன்னா பிள்ளைங்க பத்து மணி வரைக்கும் பசியோட உக்காந்திருக்கணுமே சார். இங்கயே இருக்கட்டும்."

வாத்தியார் பாஸைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒனக்குத் தனியா இருக்குமேம்மா," என்றார்.

என் வீட்டுக்காரரைக் கொண்டு போன நாளிலிருந்து அதை என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர்.

"இருக்கும் சார்," என்றேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கேட் வரைக்கும் கொண்டு போய் விட்டேன்.