இரண்டு பக்கமும் சத்தம் கேட்கும்வரை

அக்காவின் நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஆனால் அவரிடம் என்னளவு திட்டு வாங்கியவர் யாருமில்லை.

நாங்குநேரியில் பிறந்த அக்கா, பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் காலமானபின் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து இரண்டு பெண்களைக் கரையேற்றினார். வைத்தாரே தவிர, நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. பிளாப்பிக்குப் பழகினால் சிடி வந்தது. சிடிக்குப் பழகினால் பென்டிரைவ் வந்தது. ஒல்லி மானிட்டர் வாங்கினால் அதன் வயர் பழைய பெட்டியில் சேராது.

"மூச்சு விட விடுதானுவளாலே, இவனுவ?" என்பார்.

சாமான் வாங்கும் பொறுப்பு எனக்கு. கம்ப்யூட்டருக்குள் மாட்டும் ரேம் என்கிற மெல்லிய பட்டையைத்தான் அதிகம் தப்பாக வாங்கியிருக்கிறேன். புது வகை வரும்போதெல்லாம் அதன் அடியிலுள்ள வெட்டு கொஞ்சம் தள்ளிப்போகும். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால், தையல்காரருக்கு அளவுச் சட்டை கொடுப்பதுபோல், பழைய ரேமைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தனுப்புவார். ஒருமுறை அதையே விற்றுவிட்டுப் பெருமையோடு வந்து நின்றேன்.

"ஏலே, அளவுச் சட்டையவே வித்துட்டு வந்திருக்கியே!"

"நல்ல விலைக்குக் கேட்டாம்லாக்கா!"

சென்ற ஆண்டு அக்கா ஆஸ்பத்திரியில் படுத்தது, கல்லூரி விண்ணப்பம் தொடங்கிய நேரம். சென்டர் மெஷின்கள் ரேம் போதாமல் திணறின. பாதியில் நின்றால் பிள்ளைகளுக்கு இடம் போய்விடுமே என்று தவித்தார். தன் இருதயம் திணறுவதைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வழக்கம்போல் தப்பான ரேம் வாங்கினேன். ஜங்ஷன் கடை அண்ணாச்சி முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். மாட்டும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் போன் வந்தது.

"பொருந்துச்சா?"

"பொருந்திட்டுக்கா."

"உன் பேச்சை எவ நம்புவா? போனை அங்கன பக்கத்துல வச்சு அமுக்கு. ரெண்டு பக்கமும் சத்தம் கேக்கணும்."

அமுக்கினேன். ஒரு பக்கத்துக் கிளிப் 'டக்' என்று பூட்டிக்கொண்டது. மறுபக்கம் பிடிவாதமாக இருந்தது.

"பைய, பைய. உடைச்சிராத."

'டக்.'

"கேட்டுட்டு. அடுத்த மெஷினைப் பாரு, போ."

மறுநாள் காலை அக்கா இல்லை.

போனை அவர் காதோரம் பிடித்திருந்த நர்ஸ் தங்கச்சிக்கும், அண்ணாச்சிக்கும், துக்கத்திலும் சென்டரைத் திறந்துவைத்த அக்காவின் பெண்களுக்கும், எங்களோடு நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி. அந்த மெஷின்களில் விண்ணப்பித்த பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். இம்மலரும் அவற்றிலொன்றில் அடித்ததுதான். பிழைகள் மட்டும் என்னுடையவை.

இப்போது மறுபடியும் வெட்டு மாறிவிட்டதாம். நம் வகை கடையில் கிடைப்பதே அரிதாம். பழையதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நாளை தேடிக் கிளம்புகிறேன்.

இந்த முறை விற்றுவிட மாட்டேன், அக்கா.